தங்கல் வீட்டு மிஸ்ஸி

பாக்கியலட்சுமி மிஸ்ஸியே இல்லை, நர்சுப் படிப்பே படிக்காதவள். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பிறகு யாரும் சண்டைக்கு வந்து நிற்கக் கூடாது. வடக்கே ஒரு பெரிய மனநோய் ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்டில், ஒன்பது வருஷம் உதவியாளாக இருந்தவள். குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, முரண்டு பிடிக்கிறவர்களோடு பேசிப் பேசியே மாத்திரையை விழுங்க வைப்பது, இவ்வளவுதான் அவள் வேலை. நர்சுமாரின் வெள்ளைத் தொப்பி அவள் தலையில் ஒரு நாளும் ஏறியதில்லை. ஆனால் மலாக்காவில், காஜா பெராங்கில், அந்தப் பழைய கிட்டங்கியில் தங்கியிருந்த இருபத்து மூன்று பேரும் அவளை மிஸ்ஸி என்றுதான் கூப்பிட்டார்கள். "நான் மிஸ்ஸி இல்லங்க" என்று ஒரு வாரம் சொல்லிப் பார்த்தாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? விட்டுவிட்டாள்.

கிட்டங்கி ஹனீபா நானாவின் பெரியப்பாவுக்குச் சொந்தம். ஒரு காலத்தில் மிளகும் பாக்கும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்த இடம். ஐம்பத்தேழாம் வருஷம் பிறந்ததும், நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது, கடைகளுக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் படுத்துக் கிடக்கிறவர்களுக்கு நாமும் ஏதாவது செய்யவேண்டும் என்று ஜாலான் பெண்டஹாரா தெருக் கடைக்காரர்கள் நாலு பேர் கூடிப் பேசினார்கள். கிட்டங்கி தங்கல் வீடு ஆயிற்று. துணிக்கடை வைத்திருந்த ஹனீபா நானா பொறுப்பை ஏற்றுக்கொண்டார். ஆளுக்கு மூன்று மாதம் இடம். அதற்குள் உடம்பைத் தேற்றிக்கொண்டு, ஒரு வேலையும் ஒண்ட ஓர் அறையும் பிடித்துக் கிளம்பவேண்டும் என்பது திட்டம்.

திட்டம் போட்ட புண்ணியவான்களுக்கு, வீடு இல்லாதவனுக்கு வீடு ஒன்றுதான் குறை என்று நினைப்பு. முதல் வாரத்திலேயே அந்த நினைப்பு கலைந்தது, மூன்று மாதக் கணக்கும் அதோடு போயிற்று. ஒருவர் சுவரோடு வழக்காடினார். மீனாச்சி என்கிற பெண் தட்டில் போட்ட சோற்றை உண்ணாமல் பாய்க்கு அடியில் ஒளித்து வைத்து, வீடு முழுக்க எறும்பைக் கூட்டினாள். இன்னொருவர் யாராவது பின்னால் நடந்தால் திரும்பி அறைந்தார். சமையல்காரர் நாலாம் நாள் கும்பிடு போட்டுவிட்டு ஓடினார். அப்போதுதான் ஹனீபா நானா, அம்மாவின் கடைசிக் காலத்துக்காக ஆஸ்பத்திரி வேலையை விட்டு வந்து, அம்மாவும் போன பிறகு காஜா பெராங்கில் தனியாக இருந்த பாக்கியலட்சுமியைத் தேடிப்போய், "தங்கச்சி, நீ ஒரு நாள் வந்து பாரு, போதும்" என்று அழைத்து வந்தார். ஒரு நாள் ஆறு மாதம் ஆகிவிட்டது.

அவளுக்கு மேசையும் நாற்காலியும் போட்டுக் கொடுத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரச் சொன்னால் எவன் வாயைத் திறப்பான்? போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கும். அவள் அதை மூலையில் தள்ளிவிட்டுப் பாய் விரித்து, ஒரு தாம்பாளம் நிறையக் காய்ந்த நெத்திலியைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். "கொஞ்சம் தலை கிள்ளிக் குடுங்களேன்" என்று போகிற வருகிறவரைக் கூப்பிடுவாள். வந்தவர் எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருவார். நெத்திலித் தலையைக் கிள்ளிக் குடலை எடுக்கிற வேலையில் கண் கீழே இருக்கும். கண் கீழே இருந்தால் வாய் தானாகத் திறக்கும். அவள் கேள்வியே கேட்கமாட்டாள். மீனாச்சி மூன்றாம் வாரம் நெத்திலி கிள்ளிக்கொண்டேதான், ஜப்பான்காரன் காலத்தில் பசியால் செத்த தன் இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். அதற்கப்புறம் பாய்க்கு அடியில் சோறு குறைந்தது. "பைத்தியம் தெளியுதோ இல்லயோ தங்கச்சி, நமக்குச் சம்பல் நல்லா கிடைக்குது" என்பார் ஹனீபா நானா.

அந்த வீட்டில் கணக்கில் சேராத இருபத்து நாலாவது ஆள் ஒருவர் இருந்தார். அவர் உள்ளேயே வரமாட்டார். வாசலுக்கு வெளியே அஞ்சடியில் சாக்கு விரித்துப் படுப்பார், அங்கேயே சாப்பிடுவார், மழை அடித்தால் சுவரோடு ஒட்டிக்கொள்வார், நிலைப்படியை மட்டும் தாண்டமாட்டார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பெயர் கேட்டால் தலையைத் திருப்பிக்கொள்வார். வாசல்காரர் என்று வீட்டில் பெயர் வைத்துவிட்டார்கள். அடையாளக் கார்டு கிடையாது. காட்டுக் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகச் சட்டம் போட்ட அவசரகாலத்தில் கார்டு இல்லாமல் ஒன்பது வருஷம் ஒருவர் எப்படித் தப்பினார் என்று கேட்காதீர்கள். கிறுக்கு என்று பெயர் வாங்கியவனைப் பிடித்துக்கொண்டு போனால் தானே சோறு போடவேண்டும் என்று போலீஸ்காரனுக்கும் தெரியும்.

ஆகஸ்டு இரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை ஒரு காகிதம் வந்தது. மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு முன்னால் தெருவில் படுப்பவர்கள் யாரும் இருக்கக் கூடாதாம். அடுத்த சனிக்கிழமை, பத்தாம் தேதி, டாக்டர் ஒருவர் வருவார். வீட்டுக்குள் இருப்பவர்கள் இருக்கலாம். வெளியே கிடப்பவர், பெயரும் உறவும் சொல்லத் தெரியாதவர் யாரானாலும் வடக்கே மனநோய் ஆஸ்பத்திரிக்கு ஏற்றப்படுவார். லோரி கூடவே வரும். ஹனீபா நானா இதை வாசித்துக் காட்டியதும் பாக்கியலட்சுமி வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியை அவள் குறை சொல்லமாட்டாள். சோறு உண்டு, மருந்து உண்டு, நல்ல மனுஷர்களும் உண்டு. ஆனால் அங்கே போனவர் திரும்பவேண்டும் என்றால் வெளியிலிருந்து ஒருவர் வந்து, இவர் என் ஆள் என்று கையெழுத்துப் போட்டு அழைத்துப் போகவேண்டும். பெயரே இல்லாதவருக்கு யார் வருவார்? எப்போதோ தெளிந்துவிட்டு, ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலை நரைத்த பெண்களுக்கு அவளே எண்ணெய் தேய்த்துச் சீவி விட்டிருக்கிறாள். வாசல்காரர் அந்த லோரியில் ஏறினால் அவ்வளவுதான். எட்டு நாளில் அவருக்கு ஒரு பெயர் வேண்டும், ஓர் உறவு வேண்டும், அவர் அந்த நிலைப்படியைத் தாண்ட வேண்டும்.

மறுநாள் காலை தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போய் வாசலிலேயே உட்கார்ந்தாள். அவள் உள்ளே, அவர் வெளியே, நிலைப்படி மேல் தாம்பாளம். அன்றைக்கு அவர் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் தொடவில்லை. திங்கட்கிழமை ஒரு நெத்திலியை எடுத்துத் தலையைக் கிள்ளினார். ஓர் அரை மணி நேரம் இருவரும் கிள்ளினார்கள்.

"உள்ள வாங்கன்னு கூப்புடப் போறீங்க" என்றார் அவராகவே. "வரமாட்டேன் மிஸ்ஸி. எனக்குக் கருமாதி ஆயிருச்சு. செத்தவன் வீட்டுக்குள்ள வரக்கூடாது."

"யாரு செஞ்சாங்க?"

"செய்ய வேண்டியவங்கதான் செஞ்சாங்க. நான் சயாம்ல இருந்தேன்."

சயாம் என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் கை நின்றுவிட்டது. அவளுடைய அண்ணன் தனபாலன் சயாமுக்குப் போனவன். நாற்பத்து மூன்றாம் வருஷம், இலவசமாகப் படம் காட்டுகிறார்கள் என்று போனவனை ஜப்பான்காரர்கள் அங்கேயே லோரியில் ஏற்றி, தாய்லாந்துக் காட்டில் ரயில் பாதை போட மூன்று மாதம் என்று சொல்லிக் கொண்டுபோனார்கள். போனவன் போனவன்தான். செத்தான் என்று சொல்லவும் ஆளில்லை, இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை. "பார்த்தவன் ஒருத்தன் வந்து சொல்ற வரைக்கும் எம்புள்ளைக்கு எள்ளும் தண்ணியும் எறைக்கக் கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அம்மா கண்ணை மூடினாள். பன்னிரண்டு வருஷமாகச் சயாமிலிருந்து வந்தவன் என்று எவனைக் கண்டாலும் பாக்கியலட்சுமி கேட்காமல் விட்டதில்லை. வேலையில் கேள்வியே கேட்காதவள் இந்த ஒன்றை மட்டும் கேட்டுவிடுவாள்.

"அங்க தனபாலன்னு ஒருத்தரைப் பார்த்தீங்களா? மலாக்கா ஆளு. இடது புருவத்துல வெட்டுத் தழும்பு இருக்கும்."

அவர் கிள்ளிய நெத்திலியைத் தாம்பாளத்தில் மெல்ல வைத்தார். எழுந்தார். தெருவைத் தாண்டிப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை சாக்கு காலியாகவே கிடந்தது. பாக்கியலட்சுமி தன்னைத் தானே திட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. பாவி, அந்த மனுஷன் பத்து வருஷம் கழித்து வாயைத் திறந்தால் உன் புண்ணைக் கொண்டு போய் அவன் முன்னால் விரிப்பாயா? இருப்பது எட்டு நாள், அதில் ஐந்தைத் தொலைத்தாய். அன்றைக்கு அவள் சமைத்த குழம்பில் உப்பே இல்லை. யாரும் குறை சொல்லவில்லை, அது இன்னும் சங்கடமாக இருந்தது.

புதன்கிழமை விடிந்ததும் அவர் சாக்கில் உட்கார்ந்திருந்தார். அவளுக்குப் போன உயிர் வந்தது. அதற்குள் அவள் ஒரு வழியும் யோசித்து வைத்திருந்தாள். கருமாதி முடிந்தவன் உயிரோடு திரும்பி வந்தால், தலைக்குத் தண்ணீர் ஊற்றி, புதுத் துணி கட்டி, இப்போதுதான் பிறந்தவன்போலப் பெயர் வைத்து வீட்டுக்குள் சேர்க்கவேண்டும் என்று வார்டில் ஓர் எஸ்டேட்டுப் பெண் சொல்லியிருக்கிறாள். சயாம்காரர்கள் திரும்பிய சமயம் அவர்கள் லயத்து வரிசையில் இரண்டு வீட்டில் அப்படித்தான் செய்தார்களாம். செத்தவன் என்றுதானே வரமாட்டேன் என்கிறார்? பிறக்க வைத்துவிட்டால் போயிற்று.

ஹனீபா நானா கடையிலிருந்து ஒரு வேட்டியும் துண்டும் கொண்டுவந்தார். "எங்க மார்க்கத்துல இதெல்லாம் இல்ல, ஆனா வேட்டிக்கு மார்க்கம் கிடையாது" என்றார். அஞ்சடி ஓரத்தில் ஒன்பது குடம் மஞ்சள் தண்ணீர் வைத்தார்கள். அவர் மறுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி நின்றார். வெயில் சுள்ளென்று அடித்தது, ஆனாலும் ஒவ்வொரு குடத்துக்கும் அவர் உடம்பு நடுங்கியது. ஒன்பதாவது குடம் ஊற்றியபோது அவர் முகம் இளகியதைப் பாக்கியலட்சுமி பார்த்தாள்.

"இனிமே நீங்க புதுசாப் பொறந்தவரு. பேரு வெக்கணும். பழைய பேரையே வெச்சுக்குவோம், டாக்டருக்கும் எழுதிக் குடுத்துறலாம். சொல்லுங்கண்ணே, என்ன பேரு?"

அவர் கண்ணைத் திறந்தார். அவள் கையில் பென்சிலும் தாளும் தயாராக இருந்தன. அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பென்சிலைத்தான் பார்த்தார். புது வேட்டியைத் தொடாமல், சொட்டச் சொட்ட நனைந்த துணியோடு, ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார்.

ஹனீபா நானா வேட்டியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "தங்கச்சி, அந்தாளுக்குச் சாவு பயமில்ல. வேற ஏதோ பயம். நம்ம ரிக்‌ஷாக்காரர் சொன்னாரு, செவ்வாக்கிழமையானா இவரு கிளேபாங் வரைக்கும் நடந்து போறாராம். ஒரு வீட்டுக்கு எதிர்த்தாப்புல மரத்தடியில உக்காந்துட்டு வந்துருவாராம். கல்லு எறிய மாட்டாராம், கத்த மாட்டாராம். சும்மா உக்காந்திருப்பாராம்."

வியாழக்கிழமை பாக்கியலட்சுமி பஸ் ஏறினாள். மரத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. எதிரே தகரக் கூரை போட்ட வீடு. முற்றத்துக் கயிற்றில் ஒருத்தி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பெயர் கண்ணம்மா என்று பக்கத்துக் கடையில் சொன்னார்கள். புருஷன் கொப்பரைக் கொட்டகையில் வேலைக்குப் போயிருந்தான். பையன்கள் இருவர் வாசலில் பட்டம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நான் காஜா பெராங் தங்கல் வீட்டுலேருந்து வர்றேன், மிஸ்ஸின்னு கூப்புடுவாங்க. செவ்வாக்கிழமை இந்த மரத்தடியில ஒருத்தர் உக்காருவாரே" என்று தொடங்கினாள் பாக்கியலட்சுமி.

கண்ணம்மா கையில் இருந்த ஈரச் சட்டையைப் பிழிந்தாள். அது ஏற்கெனவே பிழிந்த சட்டை. "டேய், ரெண்டு பேரும் கடலோரம் போய் வெளையாடுங்க" என்று பையன்களை விரட்டினாள். அவர்கள் மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் பேசினாள்.

"அவரு செத்துட்டாரு மிஸ்ஸி. கூடப் போனவன் ஒருத்தன் திரும்பி வந்து, காலராவுல போயிட்டாருன்னு சொன்னான். தாலிய அறுத்தாங்க. பதினாறு நாள் மூலையில உக்காந்தேன். அப்புறம் எங்கண்ணன் இவருக்குக் கட்டி வெச்சான். கட்டி ஆறு மாசம் கழிச்சு ஒரு நாள், நான் குழாயடியில நிக்கறேன், லயத்துக் கோடியில அவரு நிக்கறாரு. எலும்பும் தோலுமா."

"பேசலியா?"

"என் கழுத்தைப் பார்த்தாரு. வயித்தைப் பார்த்தாரு. திரும்பிப் போயிட்டாரு." கண்ணம்மா குரலைத் தாழ்த்தினாள். "வீட்டுக்காரருக்குத் தெரியாது. இங்க குடி வந்தும் எப்படியோ தேடி வந்துட்டாரு. உக்காருவாரு, போவாரு. நானும் கதவைச் சாத்த மாட்டேன். ஆனா மிஸ்ஸி, அவரு பேரு ஒரு காயிதத்துல ஏறிச்சுன்னா, கட்டினவ யாருன்னு கேப்பாங்க. உசுரோட இருக்கிறவனுக்குக் கருமாதி செஞ்சவ, ரெண்டு புருசன்காரின்னு சொல்லுவாங்க. இந்தப் புள்ளைங்களை யாரு பேரு சொல்லிக் கூப்புடுவாங்க? அவரு செத்தே இருக்கட்டும். அவரா எனக்குக் குடுத்தது அது."

பாக்கியலட்சுமிக்கு அப்போதுதான் புரிந்தது. வீட்டுக்குத் தீட்டு என்றா அந்த மனுஷன் வெளியே படுத்தார்? உள்ளே வந்தால் பெயர் சொல்லவேண்டும், பெயர் சொன்னால் இந்த முற்றம் கலைந்துவிடும். பத்து வருஷமாக மழையில் நனைந்துகொண்டு இவளுடைய குடும்பத்துக்குக் காவல் இருந்திருக்கிறார். அதைப் பைத்தியம் என்று இவர்கள் எல்லோரும், அவளும் சேர்த்துத்தான், பெயர் வைத்திருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது.

ஆனாலும் சனிக்கிழமை வருகிறதே. "எழுத மாட்டேன், சத்தியம். எனக்குத் தெரிஞ்சுக்க மட்டும், அவரு பேரு என்ன?" என்று கேட்டாள்.

"புருசன் பேரைப் போயி எப்படி வாயால சொல்றது?" என்று கண்ணம்மா சட்டென்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. கையில் இருந்த சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் பாக்கியலட்சுமி விரல் நகத்தைக் கடித்தாள். உண்மைப் பெயரைக் கொடுத்தால் அந்தக் குடும்பம் போகும். கொடுக்காவிட்டால் இவர் போவார். ஏதோ ஒரு பெயரை இட்டுக்கட்டிச் சொல்லலாம் என்றால், எங்கே பிறந்தான், யாருக்குப் பிறந்தான், யார் சாட்சி என்று கேட்பார்கள். காகிதம் உள்ள பெயர் வேண்டும், உறவென்று நிற்க ஆள் உள்ள பெயர் வேண்டும். தெங்கேராவில் பஸ் நின்றபோது அப்படி ஒரு பெயர் தன் வீட்டிலேயே இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் பயந்துபோனாள்.

அம்மா பிஸ்கட் தகரத்தில் வைத்திருந்த தனபாலனின் பிறந்த சூராட்டை, அந்தப் பிறப்புச் சான்றிதழை, எடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்த ஹனீபா நானாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சூராட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பொய்ச் சாட்சி எங்களுக்குப் பெரும் பாவம் தங்கச்சி. நான் கையெழுத்துப் போட மாட்டேன். வந்தவங்ககிட்ட நானாகவே போயி மறுக்கவும் மாட்டேன். என்னைக் கேட்டா என்ன செய்யறதுன்னுதான் தெரியல."

வாசல்காரர் மத்தியானம் திரும்பியிருந்தார். பாக்கியலட்சுமி இந்தத் தடவை தாம்பாளம் எடுக்கவில்லை. நிலைப்படியைத் தாண்டிப் போய் அவருடைய சாக்குக்குப் பக்கத்தில் அஞ்சடியிலேயே உட்கார்ந்தாள்.

"கிளேபாங் போனேன்" என்றாள். அவர் துள்ளி எழுந்தார். "உக்காருங்க. அவங்க உங்க பேரைச் சொல்லல. நானும் இனிமே கேக்க மாட்டேன். என்கிட்ட ஒரு பேரு இருக்கு, சூராட்டும் இருக்கு. அதுல பொண்டாட்டி இல்ல, புள்ள இல்ல, யாருக்கும் பாதகமில்ல. வாங்கிக்கிறீங்களா?"

"யாரு பேரு?"

"எங்கண்ணன் பேரு."

"அன்னிக்குக் கேட்டீங்களே, புருவத்துல தழும்புன்னு. அவரா?"

அவள் தலையை ஆட்டினாள். அவர் கையைப் பிசைந்தார். "நான் அவரைப் பார்க்கல மிஸ்ஸி. எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொன்னா உங்க மூஞ்சி எப்படி ஆகுமோன்னு பயந்துதான் அன்னிக்கு எந்திரிச்சுப் போனேன். எத்தனையோ பேருகிட்ட அப்படிச் சொல்லிட்டேன்." பிறகு, "அவரு வந்துட்டா?" என்று கேட்டார்.

"வரமாட்டான்" என்றாள் பாக்கியலட்சுமி. பன்னிரண்டு வருஷத்தில் அந்தச் சொல்லை அவள் ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை. அம்மா இருந்திருந்தால் அடித்திருப்பாள். ஆனாலும் பாக்கியலட்சுமி அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த வருஷம் எல்லாவற்றையும் அவருக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். அவர் சிறுபிள்ளை வாய்ப்பாடு சொல்வதுபோல் திருப்பிச் சொன்னார்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு லோரி வந்து வாசலுக்கு நேரே நின்றது. டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர், நல்ல மனுஷர் போலத்தான் இருந்தார். நல்ல மனுஷர் கையெழுத்துப் போட்டாலும் லோரி வடக்கேதானே போகும். உள்ளே இருந்த இருபத்து மூன்று பேரையும் பார்த்து முடிக்கப் பத்தரை ஆயிற்று. யாரையும் ஏற்றச் சொல்லவில்லை. கடைசியில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். வாசல்காரர் அஞ்சடியில் புது வேட்டியோடு நின்றார். எவ்வளவு கெஞ்சியும் காலையிலிருந்து உள்ளே வந்திருக்கவில்லை. பாக்கியலட்சுமி சூராட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிலைப்படிக்கு உள்ளே நின்றாள்.

"உமக்கு என்ன பேர்?"

லோரியின் பின்கதவை ஒருவன் திறந்து வைத்தான்.

"தனபாலன்" என்றார் வாசல்காரர்.

"தகப்பன் பேர்?"

அவர் வாய் திறந்தது, மூடியது. மறந்துவிட்டார். கண்கள் லோரிக்குப் போயின, அவளிடம் வந்தன, மறுபடியும் லோரிக்குப் போயின.

"கருணாகரன்" என்று பாக்கியலட்சுமி முன்னே வந்தாள். சூராட்டை நீட்டினாள். "அது எங்கப்பா பேரு, டாக்டர். இவரு எங்கண்ணன்."

டாக்டர் சூராட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "உம்மட தமையனோ? ஆறு மாசமா இஞ்சதானே நிக்கிறீர். ஏன் முந்திச் சொல்லேல்ல?"

"அடையாளம் தெரியல டாக்டர். சயாம் போயிட்டு வந்தவங்களை யாருக்கு அடையாளம் தெரிஞ்சுது?"

சொல்லும்போது அவள் அழுதுவிட்டாள். அது நடிப்பில்லை. டாக்டர் ஹனீபா நானா பக்கம் திரும்பினார். "நீங்கள் என்ன சொல்லுறியள்?"

ஹனீபா நானா தொப்பியைச் சரிசெய்தார். "இந்தத் தங்கச்சி ஒரு பொய் சொல்லி நேத்து வரைக்கும் நான் கேட்டதில்ல, டாக்டர்." அது சுத்தமான உண்மை.

டாக்டர் நீண்ட பெருமூச்சு விட்டார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று யாருக்கும் தெரியாது. தாளில் எழுதினார்: தனபாலன், உறவு தங்கை. பிறகு பேனாவை மூடிக்கொண்டு, "தமையன் தங்கச்சியின்ர வீட்டு வாசல்ல நிக்கிறதே? உள்ளுக்கு வாரும்" என்றார்.

வாசல்காரர் நிலைப்படியைப் பார்த்தார். வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தார். பிறகு இன்னொரு காலையும் வைத்தார். மீனாச்சி பாயை நகர்த்தி இடம் விட்டாள். லோரி காலியாகத் திரும்பிப் போனது.

அவருக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது கதை. சரியாகவில்லை. கதவோரம்தான் படுத்தார், தூக்கத்தில் கத்தினார். ஆனால் அந்தச் சூராட்டைக் காட்டிக் கார்டு எடுத்தார், ஒரு மரப்பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார், நவம்பரில் தெங்கேராவில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போனார். செவ்வாய்க்கிழமை கிளேபாங் போவதை நிறுத்தவில்லை. பாக்கியலட்சுமி அவரை அண்ணே என்று கூப்பிட்டாள், எல்லோரையும் கூப்பிடுகிற மாதிரிதான். அண்ணனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க இனி வழியில்லை, காகிதத்தில் அவன் தெங்கேராவில் இருக்கிறான். சயாம் என்று சொல்கிறவர்களிடம் புருவத் தழும்பைப் பற்றிக் கேட்பதையும் அவள் நிறுத்திவிட்டாள். கேட்டு, யாராவது பார்த்தேன் என்று சொல்லிவிட்டால்?

டிசம்பரில் ஒரு மழை நாள், மத்தியானம். அவள் உள்ளே அரிசி அளந்துகொண்டிருந்தாள். வாசலில் யாரோ ஓர் ஆண் குரல், "கருணாகரன் மக பாக்கியலட்சுமி இங்கதான் இருக்காங்களா?" என்று கேட்டது. அப்பா பெயரைச் சொல்லி அவளைக் கேட்கிறவர்கள் இந்த ஊரில் யாரும் இல்லை. எட்டிப் பார்த்தாள். மெலிந்த உருவம், தோளில் பை, தலையில் துண்டைப் போர்த்தியிருந்தது. முகம் தெரியவில்லை. உயரம் சரியாக இருந்தது.

அவள் வெளியே ஓடவில்லை. அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். கையைக் கூப்பிக்கொண்டு, முருகா, இது அண்ணனாக இருக்கக் கூடாது, இருக்கக் கூடாது, வேறு யாராவதாக இருக்கட்டும் என்று வேண்டினாள்.

அந்த ஆள் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினார். அறுபது வயதுக் கிழவர். அப்பாவோடு ஒரு காலத்தில் வேலை செய்தவராம், படுக்க இடமில்லையாம், தங்கல் வீட்டைப் பற்றி யாரோ சொல்லித் தேடி வந்தாராம். பாக்கியலட்சுமிக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடா நெஞ்சிலிருந்து இறங்கி முடிவதற்குள், எதற்காக அப்பாடா என்கிறோம் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. மூட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். வீட்டில் இருந்த அத்தனை பேரும் பார்க்க வாய்விட்டு அழுதாள். மிஸ்ஸி அழுது அவர்கள் பார்த்ததில்லை, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

மீனாச்சிதான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அழுகை அடங்கியதும், வந்த பெரியவருக்குப் பசியாம் என்று சொன்னாள். பாக்கியலட்சுமி எழுந்து போய் அவருக்குச் சோறு போட்டாள்.